தசமபாகமும் ஒரு சாப்பாடும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

11 வருடமாகச் சம்பளம் வந்ததும் அதில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை எடுத்துக் கவரில் போட்டுச் சபையில் கொடுத்துவருகிறேன். இந்த வருடம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. ஃபீஸ் கட்ட வழியில்லாமல் அழுதார். நான்கு மாதத் தசமபாகத்தை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டேன். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் ஒருவர் "கவர் வரலையேம்மா" என்று கேட்டார். விவரம் சொன்னேன். "அது தர்மம். இது தேவனுடைய பங்கு. மல்கியா 3:8 வாசிங்க" என்றார். 'மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?' என்ற அந்த வசனம் என்னைத் தூங்கவிடவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. பணம் கொடுத்தபிறகு அந்த அக்கா முன்னைப்போல இல்லை. முகம் பார்த்துப் பேசுவதில்லை. லீவு கேட்கத் தயங்கிக் காய்ச்சலோடு வந்து பாத்திரம் தேய்க்கிறார். மகள் காலேஜ் சேர்ந்த சந்தோஷத்துக்கு வீட்டில் பிரியாணி செய்து என்னைக் கூப்பிட்டார். அவருக்கு எதற்கு வீண்செலவு என்று நினைத்து, வேலையிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நான் எங்கே தவறினேன்?

(பெயர் வேண்டாம், அக்கா)

அன்புள்ள தங்கைக்கு,

முதல் கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களை வாசியுங்கள். மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை அவரவர் ஊர் வாசலிலேயே வைக்கச் சொல்கிறது. லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து 'புசித்துத் திருப்தியடைவார்களாக' என்கிறது. ஆலயத்தில் ஊழியம் செய்கிற லேவியனும் விதவையும் அங்கே ஒரே குவியலிலிருந்துதான் சாப்பிடுகிறார்கள். தர்மம் வேறு, தேவனுடைய பங்கு வேறு என்று அந்த அதிகாரம் பிரிக்கவில்லை. சபைக்கும் செலவு உண்டு, கொடுக்கத்தான் வேண்டும். நானும் கொடுக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் படிப்புக்குப் போன பணம் தேவனிடமிருந்து திருடிய பணம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

மல்கியா 3:8-ஐக் காட்டியவர் மூன்று வசனம் மேலே போயிருக்கலாம். 3:5-இல் சூனியக்காரர், விபசாரர், பொய்யாணையிடுகிறவர் ஆகியோரின் வரிசையில் கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களையும் கர்த்தர் நிறுத்துகிறார். இதை அவருக்காக மட்டும் சொல்லவில்லை. கேட்கக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் கேட்கிறேன்: அந்த அக்காவுக்குக் கடைசியாக எப்போது சம்பளம் உயர்த்தினீர்கள்? வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு உண்டா? காய்ச்சலோடு வந்த அன்று நீங்களே திருப்பி அனுப்பினீர்களா? கூலி குறைவாக இருந்து அதன்மேல் உதவி வந்து விழும்போது, வாங்குகிறவருக்குத் தன் உழைப்பே கடனாகத் தோன்றிவிடும். லீவு கேட்க வாய் வராதது அதனால்கூட இருக்கலாம்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது முன்னால் நின்றவர். நம் திருநெல்வேலிச் சபையார் தங்கள் காணிக்கையைக் கொண்டு தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பிய சங்கம் அது. 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியபோது அவருக்கு 35 வயது. உலகமெங்கும் பணமும் ஆளும் அனுப்பியவர்கள் நிறைந்த சபை அது. அவர்கள் முன் எழுந்து, உங்களுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பேச்சின் முடிவில் அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஐ எடுத்துக்கொண்டார். ஏழைகளைப் போஷிக்க உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரத்தைக் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்றார். சிலருக்கு அது நன்றிகெட்ட பேச்சாகப் பட்டது. நூறு வருடம் தாண்டியும் நம் வீட்டு அடுப்படிக்குள் அது இன்னும் வந்து சேரவில்லை என்றே நினைக்கிறேன்.

என் ஆச்சி வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்பானை இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், களையுமுன் ஒரு பிடி எடுத்து அதில் போடுவாள். பிடி அரிசிக் காணிக்கை. மிசோரமிலும் 1910-இலிருந்து பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் இப்படி ஒரு பிடி எடுத்துவைத்துத் தங்கள் மிஷன் ஊழியத்தைத் தாங்கிவருகிறார்கள். கையில் காசு புழங்காத பெண்கள் கொடுப்பதற்குக் கண்டுபிடித்த வழி. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆச்சியிடம் நான் கற்றுக்கொண்டது அந்தப் பானையில் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் கணவனை இழந்த ஒருத்தி அடிக்கடி அரிசிக்கு வருவாள். ஆச்சி சொளகில் அள்ளி அவள் மடியில் கொட்டுவாள். இரண்டு நாள் கழித்து அவள் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு வருவாள். எங்கள் கொல்லையிலேயே முருங்கை நின்றது. ஆனாலும் ஆச்சி அதை வாங்கி, திண்ணையில் அவளை உட்காரவைத்துக்கொண்டே உருவுவாள். மத்தியானம் அதுதான் பொரியல். "இல்லாதவகிட்டப் போய் வாங்குறீயளே" என்று அம்மா ஒருநாள் குறைப்பட்டாள். ஆச்சி சொன்னது: "ஏளா, அவ கொண்டாந்தத வாங்கலேன்னா நாளைக்கு அவ எப்படி நம்ம நடை ஏறுவா?"

யோவான் 4-ஐ இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசியுங்கள். ஜீவத்தண்ணீரைத் தர வந்தவர், சமாரிய ஸ்திரீயிடம் முதலில் தமக்குத் தாகத்துக்குத் தா என்றுதான் கேட்கிறார். சமாரியர், யூதர் சம்பந்தம் கலவாத ஜனம். அவள் பாத்திரத்தில் அவர் குடிப்பாரா என்பதே அவளுக்கு ஆச்சரியம். அந்த அதிகாரத்தில் நடப்பதெல்லாம் அப்படிக் கேட்டதற்குப் பிறகுதான் நடக்கிறது. எல்லோரும் கூடிச் சாப்பிடும் நம் ஊர் ஆலயத்து அசனப் பண்டிகையிலும் கொடுத்தவரும் கொடுக்காதவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சோற்றைத் தின்கிறோமே, அந்தப் பந்தியை நான், ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற நற்கருணையின் நீட்சியாகத்தான் பார்க்கிறேன்.

அந்த அக்கா உங்களை அழைத்த அன்று தன் முருங்கைக்கீரையைக் கொண்டுவந்திருக்கிறார், தங்கை. செலவு மிச்சம் என்று நினைத்து நீங்கள் வாங்காமல் விட்டுவிட்டீர்கள். மனம் கெட்டுச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். நானும் இப்படிச் சில வாசல்களில் ஏறாமல் திரும்பியிருக்கிறேன். அதில் ஒரு வீட்டுக்கு இனிப் போகவே முடியாது.

சம்பளத்தை ஒன்றாம் தேதியிலிருந்து உயர்த்திவிடுங்கள். ஃபீஸ் பணத்தைப் பற்றி இனி அந்த வீட்டில் யாரிடமும் பேச வேண்டாம். அந்தப் பிள்ளை ரேங்க் எடுத்தாலும் சரி, ஒரு பேப்பரில் போனாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவருக்கு போன் போட்டு, "அக்கா, அன்னைக்கு வர முடியாமப் போச்சு, இன்னைக்கு உங்க வீட்ல சாப்பிட வரட்டுமா?" என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். பிரியாணி வேண்டாம், இருக்கிற ரசம் போதும் என்று சொல்லுங்கள். தரையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டு, இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா