க்வெரி ஏன் மெதுவாக ஓடுகிறது? கேள்வி பதில்

கேள்வி: போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வர் திணறுகிறது. எந்த க்வெரியால் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையால்) என்று எப்படிப் பிடிப்பது?

பதில்: ஒவ்வொரு க்வெரியும் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சியைச் சேருங்கள். ஒருமுறை சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டிவரும், பரவாயில்லை. பிறகு சராசரி நேரத்தை விட்டுவிட்டு மொத்த நேரப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். எப்போதாவது 8 விநாடி ஓடும் அறிக்கை கண்ணை உறுத்தும். ஆனால் 5 மில்லிவிநாடியில் முடியும் க்வெரி நாளுக்குப் பத்து லட்சம் தடவை வந்தால் 5,000 விநாடி. முதலில் அதைக் கவனியுங்கள்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில், மெதுவான க்வெரிகளைப் பதியும் ஸ்லோ க்வெரி லாக் காலியாகவே கிடக்கிறதே?

பதில்: எத்தனை விநாடி தாண்டினால் பதிய வேண்டும் என்று சொல்லும் லாங்_க்வெரி_டைம் இயல்பாக 10 விநாடி. அரை விநாடிக்கு இறக்குங்கள். குளோபலாக (சர்வர் முழுவதற்கும்) மாற்றினால் புதிய இணைப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும்.

கேள்வி: க்வெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கொடுத்தால் பக்கம் பக்கமாக வருகிறது. காஸ்ட் அதிகமான இடத்தைத்தான் பார்க்க வேண்டுமா?

பதில்: காஸ்ட் வெறும் மதிப்பீடு. எத்தனை வரிசை வரும் என்று பிளானர் (க்வெரியை ஓட்டும் வழியைத் தீர்மானிக்கும் பகுதி) நினைத்தது, உண்மையில் எத்தனை வந்தது, இந்த இரண்டையும் ஒப்பிடுங்கள். உள்ளே இருக்கும் கிளையிலிருந்து மேலே வாருங்கள். இரண்டும் முதலில் எங்கே பிரிகின்றனவோ, கோளாறு பெரும்பாலும் அங்கேதான். 1 வரிசை என்று நம்பி நெஸ்டட் லூப் (ஒவ்வொரு வரிசைக்கும் அடுத்த டேபிளில் திரும்பத் தேடும் முறை) எடுத்திருக்கும், 80,000 வந்திருக்கும். போஸ்ட்கிரெஸ் காட்டும் நேரம் ஒரு லூப்புக்கானது. லூப் எண்ணிக்கையால் பெருக்காமல் முடிவு செய்யாதீர்கள். அந்த டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் என்ற தனிக் கட்டளையை ஓட்டினாலே பல நேரம் பிளான் திருந்திவிடும். ஊரும் அஞ்சல் குறியீடும் போல ஒன்றையொன்று சார்ந்த நெடுவரிசைகள் என்றால் அந்தத் தொடர்பையும் கணக்கெடுக்கும் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தேவைப்படும். ஒரு எச்சரிக்கை: எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் க்வெரியை நிஜமாகவே ஓட்டும். டெலீட், அப்டேட் என்றால் டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து ரோல்பேக் செய்யுங்கள் (மாற்றங்களை ரத்து செய்யுங்கள்).

கேள்வி: தேதிக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அமைப்பு) இருந்தும் டேபிள் முழுவதையும் படிக்கிறது.

பதில்: க்வெரியின் நிபந்தனையைச் சொல்லும் வேர் (WHERE) பகுதியில் நெடுவரிசையை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அன்று நள்ளிரவு முதல், மறுநாள் நள்ளிரவுக்கு முன்பு வரை என்று எல்லைகளாக எழுதுங்கள்.

கேள்வி: எல்லா நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட்டுவிட்டால் என்ன?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு இன்சர்ட்டும் (புதிய வரிசை சேர்ப்பதும்) அத்தனை இண்டெக்ஸிலும் எழுத வேண்டியிருக்கும். போஸ்ட்கிரெஸில் இண்டெக்ஸ் பயன்பாட்டைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸில் ஐடிஎக்ஸ்_ஸ்கேன் (பயன்பட்ட எண்ணிக்கை) 0 என்று நிற்பவற்றைத் தேடி நீக்குங்கள். ஆனால் யுனீக் கட்டுப்பாட்டை (ஒரே மதிப்பு இரண்டு முறை வராது என்ற விதியை) காப்பவற்றைத் தொடாதீர்கள். ரெப்ளிகா (நகல் சர்வர்) இருந்தால் அங்கேயும் தனியாகப் பார்த்துவிடுங்கள், அதன் கணக்கு வேறு.