விறகு பாய்லர் புகைகிறது, வெந்நீரும் தாமதமாகிறது, என்ன காரணம்?

முதலில் விறகைப் பாருங்கள். பாதிப் புகார் அதோடு முடிந்துவிடும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால், தீயின் சூடு அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும், மிச்சம் வருவது புகைதான். வெட்டிய விறகைப் பிளந்து, மழை படாமல் சில மாதமாவது காயவிட வேண்டும். அப்புறம் அடித்தட்டுச் சாம்பல். அது அடைத்தால் காற்று ஏறாது. தண்ணீருக்கு நடுவே போகும் புகைக்குழாயில் கரி படிந்திருந்தால், நன்றாக ஆறியபின் நீளக் கம்பியில் சாக்கைச் சுற்றி மேலிருந்து இழுத்துத் தேயுங்கள். இத்தனைக்கும் பிறகும் வெந்நீர் தாமதமானால் உள்ளே உப்புப் படிந்திருக்கலாம், போர்வெல் தண்ணீர் என்றால் அதற்கு வாய்ப்பு அதிகம். ஒழுகுகிறதா? தண்ணீர் இல்லாமல் எரித்திருந்தால், இணைப்புகளில் பற்றவைத்த ஈயம் இளகியிருக்கலாம், பாத்திரக்காரரிடம்தான் போக வேண்டும்.