ஒரே காடு, இரண்டு பசுமை

கேள்வி: லேண்ட்சாட் 7, லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள்கள் இரண்டின் படங்களையும் வைத்து ஒரே காட்டின் என்டிவிஐ பசுமைக் குறியீட்டைக் கணக்கிட்டேன். எட்டில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. காடு அடர்ந்துவிட்டதா, சென்சார் மாறியதாலா?
– ஓர் ஆராய்ச்சி மாணவி

பதில்: பெரும்பாலும் சென்சார்தான் அம்மா. அந்தச் சந்தேகம் உங்களுக்கு வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அகச்சிவப்பு சிவப்பைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் இந்தக் குறியீடு அளக்கிறது. இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அலைநீளம் 680 நானோமீட்டரைத் தாண்டியதும் அதன் பிரதிபலிப்பு செங்குத்தாக ஏறும். லேண்ட்சாட் 7-இன் சிவப்புப் பட்டை, அதாவது அது சிவப்பாகப் பதியும் அலைநீள வரம்பு, சுமார் 630 முதல் 690 வரை. அதன் ஓரம் அந்த ஏற்றத்தில் கால் வைத்துவிடுகிறது. லேண்ட்சாட் 8 சுமார் 640-இல் தொடங்கி 670-லேயே நின்றுவிடும். அகச்சிவப்பிலோ பழையது 770 முதல் 900 வரை அகன்றது. 820-ஐ ஒட்டி நீராவி ஒளியை உறிஞ்சும் இடமும் அதற்குள் வந்துவிடும். புதியது 850க்கும் 880க்கும் நடுவே ஒதுங்கிக்கொண்டது. ஆக, பழையதில் சிவப்பு கூடும், அகச்சிவப்பு குறையும். இரண்டுமே குறியீட்டைக் கீழேதான் இழுக்கும்.

அளவுத்திருத்தம் செய்துதானே படம் தருகிறார்கள் என்பீர்கள். ஆமாம், அக்கறையாகவே செய்கிறார்கள். அதிகம் மாறாத லிபியா-4 என்ற சோதனை இடத்தின் பாலைவன மணலைப் பல சென்சார்களும் பார்க்கின்றன. அதே சோதனைக்காக லேண்ட்சாட் 8 மாதந்தோறும் நிலவின் பக்கமும் திரும்பும். 2021 நவம்பரில், தன் பாதைக்கு ஏறிக்கொண்டிருந்த லேண்ட்சாட் 9, எட்டுக்குக் கீழே கடந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒரே நிலத்தைப் படமெடுத்தன. பட்டைகளும் ஏறக்குறைய ஒன்றே. இவ்வளவு சுத்தமான ஒப்பீடு எங்களுக்கு அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

உங்கள் சிக்கல் அப்படியல்ல, பட்டைகளே வேறு. மணலின் பிரதிபலிப்பு வளைவு நிதானமாக ஏறும், இலையைப் போல 700-இல் துள்ளாது. அதனால் மணலில் கண்டுபிடித்த பட்டைத் திருத்தக் காரணியைத் தயவுசெய்து காட்டின் மேல் போடாதீர்கள். காற்றுமண்டலத்தின் பாதிப்பை நீக்கிய தரைப் பிரதிபலிப்புப் படங்களை எடுத்து, தாவரங்களுக்கென்று கணக்கிட்ட குணகங்களைப் போடுங்கள். பக்கத்துப் பாதைகளின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் ஓரங்களில், இரண்டு கோள்களும் ஒரே இடத்தை ஒரு நாள் இடைவெளியில் பார்த்திருக்கும். சரிபார்க்க அந்த ஜோடிகள் போதும். ஒன்று கிழக்கிலிருந்தும் மற்றது மேற்கிலிருந்தும் சாய்ந்து பார்த்ததால் கோணத் திருத்தமும் வேண்டும். 2017-க்கு முந்தைய படங்களாக எடுங்கள். அதன்பின் லேண்ட்சாட் 7 ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் காலையில் முன்னதாக நகரத் தொடங்கிவிட்டது, வெயிலின் கோணமும் மாறிவிடும்.