வைன்ல பழம் போட்டா கஷாயம் ஆகுமா?

கேள்வி: ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் வராங்கன்னு 2,000 ரூபாய்க்கு நல்ல ரெட் வைன் வாங்கி, ரெண்டு ஆரஞ்சை தோலோட வெட்டிப் போட்டு, ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல ஊறவெச்சு சாங்க்ரியா பண்ணேன். ஒரே கசப்பு. நம்ம ஊர் வைன்ல சாங்க்ரியா எல்லாம் சரியா வராதுன்னு மச்சான் சொல்றார், நிஜமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: மச்சானை முதல்ல நந்தி மலைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரச் சொல்லுங்க, அங்கேயே திராட்சை போட்டு நல்ல வைன் எடுக்கறாங்க. தப்பு பாட்டில்ல இல்ல சார், உங்க கையில. ஆரஞ்சுத் தோலுக்கு உள்ள வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கே, கசப்பு அதுலதான், அதை ராத்திரி பூரா ஆல்கஹால்ல ஊறப்போட்டா அத்தனையும் இறங்கத்தானே செய்யும்? போதாததுக்கு துவர்ப்பு ஜாஸ்தியான ரெட் வைனா இருந்திருக்கும், அதை ஜில்லுனு ஆக்க ஆக்க துவர்ப்பு இன்னும் தூக்கும்.

அதுவுமில்லாம கலக்கறதுக்கு எதுக்கு 2,000 ரூபா பாட்டில்? ஸ்பெயின்ல பாஸ்க் பக்கம் 1972-ல ஒரு திருவிழாவுக்கு வாங்கின வைன் கெட்டுப்போயி, என்னடா பண்றதுன்னு கோலாவை சரிக்கு சரி ஊத்தி வித்துட்டாங்க, அதான் இன்னைக்கு கலிமோச்சோன்னு ஓடுது. சாங்க்ரியாவும் சாதா வைனுக்குன்னே வந்த சமாச்சாரம்தான். (2014-லேர்ந்து ஐரோப்பால ஸ்பெயின், போர்ச்சுகல் சரக்குக்கு மட்டும்தான் லேபிள்ல வெறும் சாங்க்ரியான்னு போடலாம். உங்க கிச்சனுக்கு அந்த சட்டம் வராது, பயப்படாதீங்க.)

அடுத்த தடவை விலை கம்மியா, துவர்ப்பு இல்லாத ரெட் வைன் 750 மில்லி எடுங்க. ரெண்டு ஆரஞ்சு ஜூஸ், தோல் சீவின ஆரஞ்சுச் சுளை, ஆப்பிள், இஷ்டம்னா 50 மில்லி பிராந்தி. சர்க்கரையை அப்படியே கொட்டாதீங்க, ஜில்லுனு இருக்கறதுல கரையாம அடியில உக்காந்துக்கும், கொஞ்சம் வெந்நீர்ல கரைச்சு ஆறவெச்சு ஊத்துங்க. ரெண்டு மூணு மணி நேரம் ஃப்ரிட்ஜ் போதும். சோடா 250 மில்லி, ஆனா பரிமாறும்போதுதான், முன்னாடியே ஊத்தினா கேஸ் போய் சப்புனு ஆயிடும். ஐஸை ஜக்குல போடாம கிளாஸ்ல போடுங்க.

இவ்வளவு பொறுமை இல்லையா, ரெட் வைன்ல லெமன் சோடா ஊத்தி ஐஸ் போட்டுட்டு போய்க்கிட்டே இருங்க, ஸ்பெயின்காரனே வெயில் காலத்துல அதைத்தான் குடிக்கறான்.

இன்னொண்ணு, ஜூஸ் மாதிரி இருக்குன்னு மடமடன்னு ஊத்திக் குடுக்காதீங்க. வைன் 13 சதவீதம்னா, நான் சொன்ன கணக்குல பிராந்தியும் சேர்த்து சோடா ஊத்தின பிறகும் கிட்டத்தட்ட 10 வரும், ஸ்ட்ராங் பீரே 8-க்குள்ளதான். வண்டியில வந்தவங்களை கேப்ல அனுப்புங்க. அப்புறம் ஜக்குல மிஞ்சின பழத்தை மறுநாள் பசங்களுக்கு கஸ்டர்டுல போட்டுடாதீங்க, அதுவும் ராத்திரி உங்களோட சேர்ந்து குடிச்சதுதான்.