குழாய் வழி உணவு: கிருமி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: அப்பாவுக்கு மூக்கு வழியே வயிறு வரை போகும் உணவுக் குழாய் (ரைல்ஸ் டியூப்) போட்டிருக்கிறது. காலையில் காய்ச்சிய கஞ்சியை ஃப்ளாஸ்கில் ஊற்றி மாலை வரை கொடுக்கிறோம். சரிதானா?

பதில்: சரியில்லை. ஃப்ளாஸ்கில் சூடு தணியத் தணிய கிருமி பெருகும். கஞ்சி புளித்தால் நமக்கு நாக்கு சொல்லிவிடும்; அப்பாவுக்கு அந்தக் காவல் கிடையாது, நேரே வயிற்றுக்குப் போகிறது. வீட்டில் அரைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் அதிகபட்சம் 24 மணி நேரம், அதுவும் வேளைக்கு ஒரு கிண்ணமாக மூடி. மீந்ததைப் புதியதோடு கலக்கவே வேண்டாம். அப்படியே மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றிப் பாருங்கள். நான் போன ஒரு வீட்டில் ஜார் பளபளவென்று இருந்தது. வளையத்துக்குள் பழைய கஞ்சி காய்ந்து கிடந்தது.

கேள்வி: குழாயில் உணவு ஏற்றும் சிரிஞ்சைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பதில்: உறையில் ஒருமுறைக்கு மட்டும் என்றிருந்தால் ஒருமுறைதான். மற்றதை ஒவ்வொரு வேளையும் உள்ளே தள்ளும் தண்டைக் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, காயவிட்டு மூடி வையுங்கள். அதைத் தொடும் கையும் சோப்பு போட்டு 20 விநாடி கழுவிய கையாக இருக்கட்டும்.

கேள்வி: அம்மா வாயால் எதுவுமே சாப்பிடுவதில்லை. பல் துலக்கிவிட வேண்டுமா?

பதில்: கட்டாயம். மெல்லாத வாயில் எச்சில் குறையும், கிருமி மண்டும். “குழாய்தான் இருக்கே, புரை ஏறாது” என்பார்கள். எச்சில் குழாய் வழியாகவா போகிறது? அந்த எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மென்மையான பிரஷில் துளி பேஸ்ட் வைத்து தினம் 2 வேளை துலக்கி, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி: படுத்தபடியே உணவு கொடுக்கலாமா?

பதில்: கூடாது. முதுகோடு சேர்த்து 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். தலைக்கு மட்டும் தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும். கொடுத்து முடித்தும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் அந்த வேளை கொடுக்காதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு வயிற்றில் துளையிட்டு நேரே இரைப்பைக்குள் போட்ட உணவுக் குழாய் (பெக் குழாய்). துளையைச் சுற்றி மஞ்சள் பூசலாமா?

பதில்: மஞ்சள், பவுடர், திருநீறு எதுவும் வேண்டாம். புண் ஆறியபின் தினமும் சோப்பும் தண்ணீரும் போதும். ஈரம் போக ஒற்றியெடுங்கள். சிவப்பு பரவினால், சீழ், நாற்றம், காய்ச்சல் இருந்தால் அன்றே டாக்டர். குழாய் கழன்று விழுந்தால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள், விடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கிவிடும்.