ஸ்பீட்வே உலகப் பட்டத்துக்கு ஏன் ஒரு முழு சீசன்?

ஸ்பீட்வே என்பது பிரேக்கே இல்லாத, மெத்தனாலில் ஓடும் 500 சிசி பைக்கை நீள்வட்ட மண் தடத்தில் சறுக்கவிட்டு ஓட்டும் பந்தயம். ஒரு ஹீட்டில், அதாவது ஒரு தனி ஓட்டத்தில், நால்வர், நாலே சுற்று. புள்ளிகள் 3, 2, 1, 0. பின்சக்கரம் சறுக்குவதால்தான் வளைவில் வேகம் குறைகிறது. பிரேக் இருந்து ஒருவர் சட்டெனப் பிடித்தால், பின்னால் வருகிறவர் மேலேயே ஏறிவிடுவார்!

1994 வரை உலகப் பட்டம் பெரும்பாலும் ஒரே இரவில் முடிவானது. செயின் அறுந்தால் வருச உழைப்பே போச்சு. 1995 முதல் ஒரு சீசனில் பல ஊர்களில் நடக்கும் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் ஒரு நாள் விலையை வருச விலை என்று யாரும் சொல்வதில்லையே, அந்தக் கணக்குத்தான்.

கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடப்பது இதுவல்ல. பெயர்தான் ஸ்பீட்வே, அது தார்த்தடம்.