லோவாங்கோ கடற்கரை யானைகளைப் பார்க்க 8 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 51 வயது. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாதம் 1.45 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 28,000 ரூபாய் உட்பட குடும்பச் செலவு 80,000. மகள் கல்லூரியில் கடைசி ஆண்டு. ஹாஸ்டல், கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 18,000 ஆகிறது, வரும் மே மாதத்தோடு அது முடிந்துவிடும். மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி.க்கு 15,000 போகிறது. எஃப்.டி.யில் 7 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 11 லட்சம் இருக்கிறது. வரும் ஜூலையில் எங்கள் திருமணத்துக்கு 25 ஆண்டு. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டு லோவாங்கோ தேசியப் பூங்காவில் காட்டிலிருந்து யானைகள் கடற்கரைக்கு வந்து நடக்கும், பெரிய ஆமைகள் முட்டையிடும் என்று படித்ததிலிருந்து அங்கே போக வேண்டும் என்பது மனைவியின் ஆசை. இருவருக்கும் 8 இரவுக்கு 6,400 யூரோ என்று ஒரு ஏஜென்ட் சொல்லியிருக்கிறார், விமான டிக்கெட் தனி. பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார், அது திரும்பக் கிடைக்காதாம். 12 சதவீத வட்டியில் 8 லட்சம் பெர்சனல் லோன் வாங்கலாமா, மியூச்சுவல் ஃபண்டை எடுக்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? கென்யா போனால் பாதிச் செலவுதான் என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: முதலில் உறவினர்கள் சொன்னதைப் பார்த்துவிடுவோம். கென்யா வேறு, காபோன் வேறு. மசாய் மாராவில் திறந்த புல்வெளி. வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு காலைப்பொழுதில் சிங்கம், யானை, வரிக்குதிரை எல்லாம் பார்த்துவிடலாம். லாட்ஜுகள் ஏராளம், போட்டி இருப்பதால் எல்லா விலையிலும் அறை கிடைக்கும். காபோன் அப்படியல்ல. நாட்டின் பெரும்பகுதி அடர்ந்த மழைக்காடு. 2002-ல் ஒரே நேரத்தில் 13 தேசியப் பூங்காக்களை அறிவித்தார்கள். லோவாங்கோ அதில் ஒன்று. காடு, புல்வெளி, காயல், அட்லாண்டிக் கடல் நான்கும் அங்கே ஒட்டியே இருக்கின்றன. அதனால்தான் யானையும் காட்டெருமையும் நீர்யானையும் மணலில் கால் வைக்கின்றன. ஆனால் தங்கும் இடங்கள் மிகக் குறைவு, போய்ச் சேருவது கஷ்டம், எண்ணெய் வருமானத்தில் ஓடும் நாடு என்பதால் விலைவாசியும் அதிகம். பல மணி நேரம் காட்டுக்குள் நடந்து ஒரு விலங்கையும் பார்க்காமல் திரும்பும் நாளும் உண்டு. குறைந்த செலவில் நிறைய விலங்குகள் பார்க்க வேண்டும் என்றால் உறவினர்கள் சொல்வது சரி. உங்கள் மனைவி கேட்பது கடற்கரை யானைகளை. அதற்குக் கென்யா மாற்றாகாது. எனவே லோவாங்கோவையே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன்.

ஏஜென்ட் சொன்ன 6,400 யூரோ பயணத்தின் முழு விலை இல்லை. ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 6.72 லட்சம். இந்திய ஏஜென்ட் என்றால் சுற்றுலாத் தொகுப்புக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், அது 33,600. இருவருக்கும் விமான டிக்கெட்டுக்கு 2 லட்சம் ஒதுக்குங்கள். கோவையிலிருந்து மும்பை, அங்கிருந்து எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகக் காபோன் தலைநகர் லிப்ரவில் என்பது நடைமுறைக்கு ஏற்ற பாதை. போகும்போதும் வரும்போதும் லிப்ரவிலில் தங்க 40,000. விசா, தடுப்பூசி, மலேரியா மாத்திரை, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் 50,000. டிப்ஸ், தண்ணீர், சில்லறைச் செலவுக்குக் கையில் 60,000. கூட்டினால் 10.51 லட்சம் வருகிறது. இந்த ஊருக்கு 10 சதவீதம் கூடுதலாக வைக்காமல் நான் யாரையும் அனுப்ப மாட்டேன். ஆக மொத்தம் 11.6 லட்சம்.

அதாவது நீங்கள் யோசிக்கும் 8 லட்சம் கடனை வாங்கினாலும் பயணம் முடியாது. பாதி வழியில் கிரெடிட் கார்டை எடுப்பீர்கள். 8 லட்சத்துக்கு 12 சதவீதத்தில் 3 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 26,570 ரூபாய். வட்டி மட்டும் 1.56 லட்சத்துக்கு மேல். வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்தால் வருமானத்தில் 37 சதவீதத்துக்கு மேல் தவணைக்கே போய்விடும். மகள் வேலை தேடும் நேரத்தில், அல்லது மேலே படிக்க நினைக்கும் நேரத்தில், இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கடன் வேண்டாம்.

மியூச்சுவல் ஃபண்டையும் தொட வேண்டாம். 11 லட்சம் என்பது 51 வயதில் பெரிய தொகை இல்லை, அது உங்கள் ஓய்வுக்காலப் பணம். அதிலிருந்து 8 லட்சத்தை எடுக்காமல் 60 வயது வரை விட்டுவைத்து, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ச்சி என்று வைத்தால் கிட்டத்தட்ட 19 லட்சமாகும். இந்த வளர்ச்சிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனாலும் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். எஃப்.டி.யில் மட்டும் கொஞ்சம் எடுக்கலாம். மே மாதத்துக்குப் பிறகு உங்கள் மாதச் செலவு 80,000. ஆறு மாதச் செலவு 4.8 லட்சம் அவசர நிதியாக அப்படியே இருக்கட்டும். மீதி 2.2 லட்சம் பயணத்துக்கு.

அப்புறம் என்ன வழி என்றால், தள்ளிப்போடுங்கள். இதைப் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஜூலையில் போனால் உங்கள் மனைவி ஆசைப்பட்டது கிடைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காபோனில் நீண்ட வறண்ட காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கடலில் தெரியும், அது அருமையான காட்சிதான். ஆனால் பேராமைகள் முட்டையிடக் கரையேறுவது ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை. யானைகளும் காட்டெருமைகளும் கடலோரப் புல்வெளிக்கு அதிகம் வருவதும் அந்த மழை மாதங்களில்தான். டிசம்பர், ஜனவரி வாக்கில் மழை சற்று ஓயும் ஒரு குறுகிய இடைவெளி உண்டு. உங்களுக்கு ஏற்றது ஜனவரி. திருமண நாளை வீட்டில் கொண்டாடுங்கள், பயணத்தை வரும் ஜனவரியை விட்டு அதற்கடுத்த ஜனவரிக்கு வையுங்கள்.

சேமிப்புக் கணக்கு இப்படி வரும். இப்போது எல்லாச் செலவும் எஸ்.ஐ.பி.யும் போக 32,000 மிஞ்சுகிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை நான்கு மாதம் 1.28 லட்சம். ஜூனிலிருந்து மகளின் 18,000-மும் சேர்ந்து மாதம் 50,000. அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை 16 மாதம் 8 லட்சம். எஃப்.டி.யிலிருந்து வரும் 2.2 லட்சத்தையும் சேர்த்தால் 11.48 லட்சம். வட்டி வந்தால் 11.6 லட்சத்தைத் தொட்டுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சேர்வது கூடுதல் பாதுகாப்பு. எஸ்.ஐ.பி.யை ஒரு மாதம்கூட நிறுத்த வேண்டியதில்லை. இந்தப் பணத்தை வங்கி ஆர்.டி.யிலோ லிக்விட் ஃபண்டிலோ மட்டும் போடுங்கள். இரண்டு ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் வைக்கக் கூடாது. மகள் மேற்படிப்புக்குப் போவதாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதை இப்போதே அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். தேவையென்றால் இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப்போகட்டும்.

யூரோ விலை ஏறினால் என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். காபோனில் புழங்குவது மத்திய ஆப்பிரிக்க சி.எஃப்.ஏ. ஃபிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 ஃபிராங்க் என்று அதைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எனவே அந்த நாணயம் தனியாக ஆடாது, நீங்கள் கவனிக்க வேண்டியது ரூபாய்க்கும் யூரோவுக்கும் உள்ள விலை மட்டுமே. யூரோ 105-லிருந்து 112-க்குப் போனால் தொகுப்பு விலையில் 44,800 ரூபாய் கூடும். அந்த 10 சதவீதக் கூடுதல் ஒதுக்கீடு அதைத் தாங்கும். இதற்குப் பயந்து இப்போதே யூரோ நோட்டு வாங்கி வீட்டில் வைக்காதீர்கள், விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. முன்பணம் கட்டும் அன்று விலையில் ஒரு பகுதி உறுதியாகிவிடும், அதுவே போதுமான பாதுகாப்பு.

கையில் எடுத்துப் போகும் பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டாலரை விட யூரோ நோட்டுகள் நல்லது. வெளிநாட்டு நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் எடுத்துச் செல்லலாம், உங்கள் தேவைக்கு அதில் கால் பங்கே போதும். லிப்ரவிலிலும் துறைமுக நகரான போர்ட் ஜென்டிலிலும் ஏ.டி.எம். உண்டு. அதைத் தாண்டினால் கார்டை நம்ப வேண்டாம். மிஞ்சிய ஃபிராங்கை லிப்ரவில் விமான நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள், கோவையில் யாரும் வாங்க மாட்டார்கள்.

வரி விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். இந்திய ஏஜென்ட் வெளிநாட்டுத் தொகுப்பு விற்கும்போது டி.சி.எஸ். எனும் வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார். முன்பு 10 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருந்தது. 2026 பட்ஜெட் அதை ஒரே 2 சதவீதமாகக் குறைத்தது. உங்கள் தொகுப்புக்குச் சுமார் 13,440 ரூபாய். இது செலவில் சேராது. உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். ஜி.எஸ்.டி. அப்படித் திரும்பி வராது. ஏஜென்ட் சொன்ன விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

அதே மின்னஞ்சலில் இன்னும் சில கேள்விகளும் போகட்டும், ஏனென்றால் லோவாங்கோவில் பணம் கரைவது வழியில்தான். லிப்ரவிலிலிருந்து போர்ட் ஜென்டிலுக்கு விமானத்திலோ படகிலோ போக வேண்டும். அங்கிருந்து ஓம்பூவே என்ற ஊர் வரை சாலை, பிறகு இகேலா காயல் பக்கம் ஜீப் அல்லது படகு. இதில் எந்தெந்தப் பகுதி 6,400 யூரோவில் அடக்கம்? விமானம் ஒரு நாள் தாமதமானால் அந்த இரவின் செலவும் இழந்த நாளின் பணமும் யாருடையது? பூங்காக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா? காட்டில் கொரில்லாக்களை அருகில் பார்க்க வாங்கும் அனுமதிக்கான கட்டணம்? ருவாண்டாவில் இந்த அனுமதி மட்டுமே ஒருவருக்கு 1,500 டாலர். காபோனில் கட்டணம் வேறு. ஆனாலும் 'விருப்பமிருந்தால் அங்கே கட்டிக்கொள்ளலாம்' என்று சொல்லி விலையைக் குறைத்துக் காட்டுவது எங்கும் நடக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சளி, இருமல், காய்ச்சல் இருப்பவரைக் கொரில்லாக்களின் அருகே விட மாட்டார்கள், நம் நோய் அவற்றுக்குத் தொற்றிவிடும். அப்போது அனுமதிக் கட்டணம் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள்.

முன்பணம் 50 சதவீதம், திரும்பாது என்பதை அப்படியே ஏற்காதீர்கள். 25 அல்லது 30 சதவீதத்தில் பேசிப் பாருங்கள், தேதியை ஒருமுறை மாற்றிக்கொள்ளும் உரிமையாவது வேண்டும். பணம் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், தனிநபர் கணக்குக்குப் போடச் சொன்னால் அந்த ஏஜென்ட் வேண்டாம். 2023 ஆகஸ்டில் காபோனில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து எல்லைகளைச் சில நாள் மூடியது. 2025-ல் தேர்தல் நடந்து நிலைமை சீரானது. ஆனாலும் இப்படி ஒன்று நடந்தால் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் நாட்களைக் குறைக்காதீர்கள். போய்வரும் செலவு மாறாது, பார்க்கும் நாள்தான் குறையும். இடத்தை மாற்றுவதே சரி. லிப்ரவிலுக்கு எதிர்க்கரையில் படகில் போய்விடக்கூடிய பொங்காரா தேசியப் பூங்காவிலும் பேராமைகள் முட்டையிடுகின்றன, அங்கும் காடு கடலைத் தொடுகிறது. அங்கிருந்து திரும்பி ரயிலில் லோப்பே பூங்காவுக்குப் போகலாம். அது 2007 முதல் உலகப் பாரம்பரியக் களம். லோவாங்கோ அளவுக்குக் கடற்கரை யானைகளை எதிர்பார்க்க முடியாது. ஆனால் மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்பட்டு, பயணத்தையும் கைவிட மனமில்லை என்றால் இந்த இரண்டுக்கும் விலை கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸில் மட்டும் ஒரு ரூபாயும் மிச்சம் பிடிக்காதீர்கள். மழைக்காட்டு ஓரத்தில் கால் உடைந்தாலோ மலேரியா கடுமையானாலோ விமானத்தில் வெளியேற்ற வேண்டியிருக்கும். 'மருத்துவ வெளியேற்றம்' பாலிசியில் இருக்கிறதா, எத்தனை டாலர் வரை, காபோன் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், இல்லையென்றால் கிளைம் நிற்காது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. ஊசி போட்ட 10-வது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அது இல்லாமல் காபோனுக்குள் விட மாட்டார்கள். திரும்பி வரும்போது இந்தியாவிலும் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். எனவே நவம்பரிலேயே போட்டுவிடுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது இருவரும் சேர்ந்தே போய், மலேரியா மாத்திரையையும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.